மட்டாஞ்சேரியில் யாரும் படிக்காத டச்சு

போன செவ்வாய்க்கிழமை டச்சு வகுப்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த ஊர், பார்க்கும் வேலை எல்லாம் வழக்கம்போல. நாலாவது கேள்விதான் வில்லங்கம். உங்களுக்குத் தெரிந்த மொழிகள் எவை, ஒவ்வொன்றையும் எங்கே கற்றீர்கள்? கீழே மூன்றே மூன்று கட்டங்கள். பக்கத்திலிருந்த போலந்துக்காரர் இரண்டை நிரப்பிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுத ஆரம்பித்ததைப் பார்த்து டீச்சரம்மா வந்து என்ன விஷயம் என்று கேட்டார். "நான் கொச்சிக்காரன். அதிலும் மட்டாஞ்சேரி" என்றேன். அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. உங்களில் பலருக்கும் படாது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குக் கணக்கெழுத வந்தவர். சுக்கும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு குஜராத்தி சேட்டிடம் வேலை. அவருக்குப் பிறகு அப்பாவும் அதே பஜார் ரோட்டில், அதே மாதிரி ஒரு கிட்டங்கியில். பேரேடு குஜராத்தியில் இருக்கும். ஆகவே அப்பாவுக்குக் குஜராத்தி எண்கள் தெரியும், சரக்குகளின் பெயர் தெரியும், வரவு, பற்று, பாக்கி தெரியும். குஜராத்தியில் அவரால் கணக்கு சொல்ல முடியும், சண்டை போட முடியாது. சுமை தூக்குகிறவர்களோடு மலையாளம், வீட்டில் எங்களோடு தமிழ், சேட்டோடு ஒரு மாதிரி இந்தி. இவற்றில் எதையும் அவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை.

அம்மா கல்யாணமாகி வந்தபோது தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. முதலில் கற்றுக்கொண்டது மலையாளம் இல்லை, கொங்கணி! பக்கத்து வீட்டில் கொங்கணிக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி மதில் மேல் கையை வைத்துக்கொண்டு "யோ" என்பார். 'வா' என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்து, ஊறுகாய் வழியாக, ஒன்றரை வருடத்தில் அம்மா அந்தப் பாட்டியின் மருமகளைப் பற்றிய புகார்கள் முழுவதையும் கொங்கணியில் கேட்டுப் பதில் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். மலையாளம் அப்புறம் மீன்காரரிடம் வந்தது. (நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான், யாரும் புருவத்தை உயர்த்த வேண்டாம்.)

நான் படித்தது மலையாளப் பள்ளியில். கிரிக்கெட் ஆடியது கட்ச்சி பேசும் மேமன் பையன்களோடு. இந்தி தூர்தர்ஷன் உபயம். தமிழ் எழுத்தை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அப்பா ஆனந்த விகடனை வைத்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். கொங்கணி கேட்டால் புரியும், திட்டினால் இன்னும் நன்றாகப் புரியும் :-)

எங்கள் தெருவில் இது ஒன்றும் பெரிய சாமர்த்தியம் கிடையாது. ஒரு மைல் சுற்றளவில் தமிழ், கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, மராத்தி, துளு, கன்னடம், தெலுங்கு, தக்னி எல்லாம் வீட்டு மொழியாக உள்ள ஊர் அது. கப்பலண்டிமுக்கில் நின்றால் எல்லாரும் மலையாளம்தான் பேசுவார்கள். வீட்டு வாசல் தாண்டியதும் வேறு.

நிற்க. இதில் டச்சு எங்கே வருகிறது?

1503இல் போர்ச்சுகீசியர்கள் கொச்சியில் கோட்டை கட்டினார்கள். 1663இல் டச்சுக் கம்பெனி அவர்களைத் துரத்திவிட்டுக் கோட்டையைப் பிடித்தது. 1795இல் வெள்ளைக்காரர்கள் டச்சுக்காரர்களைத் துரத்தினார்கள். ஆக டச்சுக்காரர்கள் எங்கள் ஊரில் இருந்தது 132 வருடம். சின்னக் காலம் இல்லை. சுற்றுலாக்காரர்கள் 'டச்சு அரண்மனை' என்று தேடி வருவது மட்டாஞ்சேரியைத்தான். (கட்டியது போர்ச்சுகீசியர்கள், 1555 வாக்கில். டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள், பெயரை வாங்கிக்கொண்டார்கள்.) ஆனால் இந்த 132 வருடத்தில் டச்சு எங்கள் ஊர் மொழியாக ஆகவே இல்லை. மேசை, சன்னல், சாவி, அலமாரி, ஏலம் எல்லாம் போர்ச்சுகீசியம் கொடுத்தவை. டச்சு கொடுத்தது என்று நமக்குத் தெரிவதில் முக்கியமானவை இரண்டு: துட்டு, கக்கூஸ். இந்தத் தகவலை வகுப்பில் சொன்னேன். டீச்சரம்மா ஐந்து நிமிஷம் சிரித்தார்.

ஏன் இப்படி? போர்ச்சுகீசியர்கள் வந்த கையோடு உள்ளூர்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு குடியேறினார்கள். பிள்ளைகள் பேசியது உள்ளூர் வாடை அடிக்கும் ஒரு போர்ச்சுகீசியம். கம்பெனிச் சம்பளத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் இறங்கிப் பார்த்தால், கடைத்தெருவில் ஐரோப்பியர்களோடு பேசுவதற்கென்று ஒரு மொழி ஏற்கெனவே இருக்கிறது. தோற்கடித்த எதிரியின் மொழி! வேறு வழியில்லாமல் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

இதை அச்சிலேயே பார்க்க ஒரு புத்தகம் இருக்கிறது. ஹோர்டஸ் மலபாரிகஸ், அதாவது மலபாரின் தோட்டம். 1670 முதல் 1677 வரை கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் முன்னின்று செய்தது. 1678இலிருந்து 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. எழுநூற்றுச் சொச்சம் செடிகள், பக்கத்தை விரித்தால் மேசை கொள்ளாத பெரிய படங்கள். கணினித் திரையில் முதல் முறை பார்த்தபோது நான் செடியைப் பார்க்கவில்லை, மேலே எழுதியிருந்த பெயரைத்தான் பார்த்தேன். ஒரே செடிக்கு ரோமன் எழுத்தில், மலையாள எழுத்தில், அரபி எழுத்தில், நாகரி எழுத்தில். எங்கள் பஜார் ரோட்டுக் கடைப் பலகை மாதிரியே இருந்தது.

புத்தகம் உண்டான விதம் இன்னும் வேடிக்கை. சேர்த்தலைக்குப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், செடிகளின் பெயரையும் குணத்தையும் மலையாளத்தில் சொல்கிறார். கம்பெனியின் துபாஷி மனுவேல் கார்னெய்ரோ அதைப் போர்ச்சுகீசியத்தில் மாற்றுகிறார். அதிலிருந்து கொச்சி நகரச் செயலாளராக இருந்த டச்சுக்காரர் லத்தீனாக்குகிறார். கூடவே ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்று மூன்று கொங்கணி வைத்தியர்கள். டச்சுக்காரர் பணத்தில், டச்சுத் தளபதி மேற்பார்வையில் செய்த வேலை, ஆனால் மலையாளம், போர்ச்சுகீசியம், லத்தீன் என்ற இந்த வரிசையில் டச்சு இல்லை! முதல் தொகுதியில் இவர்கள் கொடுத்த சான்றிதழ்கள் அவரவர் கையெழுத்தில் அச்சாகியிருக்கின்றன. இட்டி அச்சுதனுடையது 1675 ஏப்ரல் 20 தேதியிட்டது. மலையாள எழுத்து அச்சில் வந்ததே இந்தப் புத்தகத்தில்தான் முதல் முறை என்கிறார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் கார்னெய்ரோதான். பெயர் போர்ச்சுகீசியப் பெயர், பிழைப்பு டச்சுக்காரரிடம், பிறந்ததும் கல்யாணம் செய்து வாழ்ந்ததும் கொச்சியில். அவர் எந்தப் பள்ளியில் இரண்டு மொழி படித்தார்? அம்மாவிடம் ஒன்று, தெருவில் ஒன்று, அவ்வளவுதான் இருக்கும். எங்கள் வீட்டு மாதிரி. 12 தொகுதிகளுக்கும் பெயர் வான் ரீடுக்குப் போயிற்று. இந்தத் துபாஷி இல்லாவிட்டால் வைத்தியரும் தளபதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கார்னெய்ரோ பேசிய அந்தக் கொச்சிப் போர்ச்சுகீசியம் டச்சுக்காரர்களைத் தாண்டியது, பிரிட்டிஷ்காரர்களையும் தாண்டியது. கத்தோலிக்க வீடுகளுக்குள் அம்மா பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை பேரனுக்குச் சொல்லி வந்தது. பிறகு பள்ளிக்கூடமும் உத்தியோகமும் ஆங்கிலத்தில் என்று ஆனதும், வீட்டிலும் ஆங்கிலமோ மலையாளமோ போதும் என்று விட்டுவிட்டார்கள். அதைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் வில்லியம் ரொசாரியோ, எதிர்க்கரை வைப்பீன் தீவில் 2010 ஆகஸ்டில் இறந்தார். போர்ச்சுகீசிய மொழியியலாளர் ஹூகோ கார்டோசோ அவர் பேச்சைப் பதிவு செய்து வைத்திருந்தது நல்லதாயிற்று. கோட்டை போய் 347 வருடம் கழித்து அந்த மொழி போயிருக்கிறது. நான் ஊரில் இருந்த காலம் முழுக்கப் படகில் பத்து நிமிஷ தூரத்தில் அது உயிரோடு இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. இங்கே வந்து, இணையத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

இதற்கு நேர்மாறாக ஒன்று கோவாவில் நடந்தது. 1684இல் அங்கிருந்த போர்ச்சுகீசிய வைஸ்ராய் ஓர் ஆணை போட்டார். மக்கள் கொங்கணியை விட்டுவிட வேண்டும், மூன்று வருடத்துக்குள் போர்ச்சுகீசியம் பேசப் பழக வேண்டும். கொங்கணி இன்றைக்கு கோவாவின் ஆட்சிமொழி. யாரும் ஆணை போடாத கொச்சியில் போர்ச்சுகீசியம் மூன்று நூற்றாண்டுக்கு மேல் தானாகவே இருந்தது.

அந்தக் கொங்கணி எங்கள் ஊருக்கு வந்ததும் கோவாவில் பட்ட அடியால்தான். பதினாறாம் நூற்றாண்டில் கௌட சாரஸ்வதர்கள் அங்கிருந்து கிளம்பி வந்து, கொச்சி ராஜா தயவில் மட்டாஞ்சேரியில் குடியேறினார்கள். செறளாயியில் திருமலை தேவசுவம் கோயிலைச் சுற்றி வீடுகள். நானூறு ஐநூறு வருடமாக மலையாளக் கடலுக்கு நடுவே கொங்கணி நிற்கிறது. கொங்கணி மராத்தியின் கிளைதான் என்று பலர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கொச்சியின் புருஷோத்தம மல்லையா 1966இல் இங்கே ஒரு கொங்கணி பாஷா பிரசார சபையைத் தொடங்கி விடாமல் போராடினார். 1975இல் சாகித்ய அகாதெமி அதைத் தனி மொழியாக ஏற்றது, 1992இல் எட்டாவது அட்டவணையிலும் சேர்ந்தது.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு எழுத மனசு வரவில்லை. மொழி இப்படி நின்றதற்குப் பாதிக் காரணம் சுவர். அவரவருக்கு அவரவர் தெரு, அவரவர் கோயில், சாதிக்குள் மட்டும் கல்யாணம். சாரஸ்வதர்களைப் போலவே கோவாவிலிருந்து வந்த குடும்பிகளும் வீட்டில் பேசுவது கொங்கணிதான். உடலுழைப்பில் வாழ்ந்த மக்கள். ஒரே மொழி பேசினார்கள் என்பதற்காக யாரும் அவர்களைப் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துவிடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மாவுக்கு மொழியைக் கொடுத்தார், ஊறுகாயைக் கொடுத்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரை அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

தமிழ் கதையும் அப்படித்தான். ஃபோர்ட் கொச்சி வேளியில் தோபி கானா இருக்கிறது. அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார்கள். கம்பெனிக்காரர்களின் உடுப்புகளை வெளுக்கத் தங்கள் முன்னோர்களை டச்சுக்காரர்கள் கூட்டி வந்ததாகச் சொல்வார்கள். பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ். எழுதப் படிக்கத் தெரியாமல், நாலு சுவருக்குள் நின்ற தமிழ். 'தமிழ் வாழ்க' என்று பலகை வைக்காமல் தமிழைக் காப்பாற்றியவர்கள் என்று யாராவது கேட்டால் நான் இவர்களைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் தமிழ் அங்கே அச்சேறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் பாதிரியாரின் கிரிசித்தியானி வணக்கம் 1579இல் அச்சானது கொச்சியில்தான், தமிழ் எழுத்திலேயே. அந்த மனுஷர் லத்தீன் இலக்கணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் கற்று, போர்ச்சுகீசியத்தில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதியவர். துபாஷியை நடுவில் வைத்துக்கொண்டு பாவமன்னிப்பு கேட்க முடியாது இல்லையா. தேவை என்று ஒன்று இருந்தால் யாரும் எதையும் கற்றுக்கொள்வார்கள் போலிருக்கிறது.

எனக்கும் இப்போது தேவை. குடியுரிமை வேண்டுமென்றால் மொழித் தேர்வு எழுத வேண்டும். எங்கள் ஊரில் 132 வருடம் இருந்து ஒருவருக்கும் சொல்லித் தராத மொழியை, நான் அவர்கள் ஊருக்கு வந்து, என் காசைக் கொடுத்து, வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு உட்கார்ந்து படிக்கிறேன். இருபத்தொன்று என்பதை 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிப் போட்டுச் சொல்லும் மொழி. தொலைபேசி எண் குறித்துக்கொள்வதற்குள் உயிர் போகிறது. அப்பாவாக இருந்தால் ஒரே வாரத்தில் பிடித்திருப்பார்.

என் பெண்ணுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எட்டு வயது, இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் டச்சில் பதில் சொல்கிறாள். எங்களுக்குத் தெருவும் இல்லை, கோயிலும் இல்லை, அந்தச் சுவரும் இல்லை. சுவர் வேண்டுமென்று நான் கேட்கவும் மாட்டேன். அப்படியானால் தமிழை எங்கே வைப்பது என்பதுதான் நானும் என் மனைவியும் அடிக்கடி போடும் சண்டை. சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்கிறாள் அவள். பள்ளிக்கூடத்தில் வந்த மொழி எங்கள் வீட்டில் எது என்று நான் கேட்கிறேன். சண்டை இன்னும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடியோவில் பேச்சு. இரண்டு மாதம் முன்புவரை பாட்டியும் பேத்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். "சாப்டியா?", "ம்." அவ்வளவுதான். போன வாரம் நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் ஒரே சிரிப்பு. எட்டிப் பார்த்தால், அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, தினசரி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்ததைப் படிக்கிறார். "ஸ்லாப் லெக்கர்." நன்றாகத் தூங்கு என்று அர்த்தம். இவள் "அப்படி இல்லை பாட்டி, லெ...க்கர்" என்று திருத்துகிறாள். தமிழில்.