ஆர்கேட் இயந்திரங்களின் நினைவகச் சில்லுகள்: பழுதும் மாற்றலும்

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரங்களில் அடிக்கடி பழுதாகும் உறுப்புகளுள் ஒன்று நினைவகச் சில்லு. கெட்ட சில்லைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது சில நேரம் அரை மணி நேர வேலை. சில நேரம் பல ஆண்டுகள் யாராலும் செய்ய முடியாத வேலை. அந்தச் சில்லு எதை நினைவில் வைத்திருந்தது என்பதைப் பொறுத்தே இந்த வேறுபாடு அமைகிறது. 1990களில் இந்திய வீடியோ கேம் கடைகளில் ‘முஸ்தபா’ என்று அழைக்கப்பட்ட விளையாட்டின் மின்சுற்றுப் பலகை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதைப் புரிந்துகொள்ள முதலில் பழைய பலகைகளைப் பார்க்க வேண்டும்.

திரையில் தெரியும் பழுது

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை வடிவமைத்தவர் தொமோஹிரோ நிஷிகாடோ. அதில் இன்டெல் 8080 செயலி இருந்தது. மொத்த ரேம் 8 கிலோபைட். அதில் 7 கிலோபைட் திரையில் தெரியும் படத்துக்கே செலவானது. கணக்கு எளியது. திரையில் 256க்கு 224 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட். மொத்தம் 57,344 பிட், அதாவது 7,168 பைட். நினைவகத்தில் ஒரு பிட் மாறினால் திரையில் ஒரு புள்ளி மாறும். அக்காலப் பலகைகள் பலவற்றில் ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளும் எட்டுத் தனிச் சில்லுகளில் இருந்தன. எனவே ஒரு சில்லு செத்தால் எட்டுப் புள்ளிக்கு ஒன்றாகக் கோடுகள் தோன்றும். எந்தச் சில்லு கெட்டது என்பதைத் திரையே காட்டிக்கொடுத்துவிடும்.

1979இன் ஆஸ்டிராய்ட்ஸ், 1980இன் பேக்-மேன் ஆகியவற்றில் 2114 என்ற 18 கால் சில்லு பயன்பட்டது. அது 1,024 இடங்களில் நான்கு நான்கு பிட்டுகளாகச் சேமிக்கும். ஒரு பைட்டுக்கு இரண்டு சில்லுகள் வேண்டும். பழைய பலகைகளைப் பழுதுபார்ப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது பெரும்பாலும் இதைத்தான்.

4116 சில்லு இன்னும் தொல்லையானது. 1981இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிஃபெண்டர் பலகையில் இது 24 எண்ணிக்கையில் இருந்தது. இதற்கு மூன்று வகை மின்னழுத்தம் தேவை: 12 வோல்ட், 5 வோல்ட், எதிர் 5 வோல்ட். இவற்றில் எதிர் 5 வோல்ட் நின்றுபோனால் சில்லு எரிந்துவிடக்கூடும். மின்வழங்கியைச் சோதிக்காமல் புதுச் சில்லைப் பொருத்தினால் அதுவும் போகும். அதனால் பலர் 5 வோல்ட் மட்டும் போதுமான 4164 சில்லுக்கு மாறினர். கால்களின் பொருள் சற்று வேறுபடுவதால் பலகையில் சில இணைப்புகளை மாற்றியாக வேண்டும்.

கழற்றும் முறை

இயந்திரத்தின் சுயசோதனை முதல் துணை. அது ஓடாவிட்டால், சந்தேகத்துக்குரிய சில்லின் முதுகில் நல்ல சில்லொன்றைக் கால்கள் தொடுமாறு ஏற்றிவைத்துப் பார்ப்பார்கள். விரலால் தொட்டுச் சூட்டை அறிவதும் உண்டு. கெட்டது எது என்று உறுதியானதும் அதைக் காப்பாற்ற நினைக்கக் கூடாது. காப்பாற்ற வேண்டியது பலகையைத்தான். கால்களை முதலில் வெட்டி, உடலை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடேற்றி உருவ வேண்டும். நாற்பதாண்டுப் பலகையில் செப்புத் தடம் எளிதில் உரியும். துளைகளைச் சுத்தம் செய்து, சாக்கெட் ஒன்றைப் பற்றவைத்து, அதில் புதுச் சில்லைச் செருகினால் அடுத்த முறை சூடு காட்ட வேண்டியிருக்காது. சில்லின் வெட்டுக்குறி சரியான பக்கம் இருக்கிறதா என்று பார்க்க மறந்து, செய்த வேலையைக் கெடுத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ரேம் காலியான பலகை போன்றது. மின்சாரம் நின்றால் எழுதியது அழியும். ஆகவே அதே வகைச் சில்லு எதுவானாலும் பொருந்தும். ரோம் அப்படியல்ல. விளையாட்டின் நிரலும் படங்களும் அதில்தான் இருக்கின்றன. 1971இல் இன்டெல்லின் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய ஈப்ரோம் வகைச் சில்லின் மேல் ஒரு கண்ணாடிச் சாளரம் உண்டு. அதில் புற ஊதா ஒளி பட்டால் எழுதியது அழியும். சாளரத்தின் மேல் ஒட்டிய காகிதத்தைப் பழைய பலகையிலிருந்து உரிக்கக் கூடாது என்பது இதனால்தான். அதன் உள்ளடக்கத்தை யாராவது முன்பே நகலெடுத்திருந்தால்தான் மாற்றுச் சில்லு எழுத முடியும். 1997 பிப்ரவரியில் இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா தொடங்கிய மாமே திட்டம் இந்த நகல்களைத் தேடிச் சேர்ப்பதற்குப் பெரும் தூண்டுதலாயிற்று.

முஸ்தபா பலகை

முஸ்தபா விளையாட்டின் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ். மார்க் ஷுல்ட்ஸின் சித்திரக்கதையை ஒட்டி ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு பாத்திரங்களில் ஒருவர் முஸ்தபா கெய்ரோ. மற்ற மூவரையும் ஒதுக்கிவிட்டு நம்மவர்கள் அவர் பெயரையே விளையாட்டுக்குச் சூட்டினர்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 விளையாட்டின் கள்ளப் பிரதிகள் எங்கும் பரவியிருந்த காலம் அது. எனவே கேப்காம் முஸ்தபா பலகையின் ஒலி நிரலைக் குறியாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியைக் ‘கபுகி’ என்ற செயலிக்குள் வைத்தது. சாவியை நினைவில் நிறுத்தியது ஒரு சிறு மின்கலம். மின்கலம் தீர்ந்தால் சாவி அழியும். ஒலி நிரல் ஓடாது. அதே 1993இல் வந்த சி.பி.எஸ்-2 பலகைகளில் முதன்மை நிரலே இவ்வாறு பூட்டப்பட்டது. அவற்றில் மின்கலம் தீர்ந்தால் விளையாட்டே தொடங்காது. ஆர்வலர்கள் இதற்கு வைத்த பெயர் ‘தற்கொலை மின்கலம்’. இங்கே புதுச் சில்லு வாங்கிப் பொருத்துவதால் பயனில்லை, ஏனெனில் கெட்டது சில்லு அல்ல, அதில் இருந்த எழுத்து.

சி.பி.எஸ்-2 குறியாக்கம் 2007இல் முழுதாக உடைக்கப்பட்டது. 2016இல் சாவியை மீண்டும் பலகைக்குள் எழுதும் வழியும் கண்டறியப்பட்டது. அதற்கு ஓர் ஆர்டுயினோ பலகையும் சில கம்பிகளும் போதும். கபுகி செத்த பலகைகளில் சாதாரண இசட்80 செயலியையும், குறியாக்கம் நீக்கி எழுதிய ஈப்ரோமையும் சிறிய மாற்றங்களுடன் பொருத்துகிறார்கள்.

கள்ளப் பிரதி செய்தவர்களோ பூட்டை முதலிலேயே நீக்கிவிட்டிருந்தார்கள். அவர்களது பலகைகளில் அந்த மின்கலமும் இல்லை, அழிவதற்குச் சாவியும் இல்லை. அசல் பலகைகள் ஊமையான பிறகும் அவற்றில் பல இன்றும் காசு விழுந்ததும் ஒலியோடு தொடங்குகின்றன.