அயல் தாளமும் நம் குரலும்

இசைக்கு மொழியில்லை என்பர். மேடைதோறும் கேட்டு நமக்குப் பழகிப்போன சொல் இது. ஆயின் இச்சொல்லில் பாதியே உண்மை. சுரத்துக்கு மொழியில்லை, தாளத்துக்கும் மொழியில்லை. பாடுகின்ற வாய்க்கோ மொழியுண்டு. மண்ணை விட்டு வந்து மராத்திய நாட்டில் வாழும் நம்போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஆகவே, பம்பாயில் பிறந்த தமிழ்ப்பெண் ஒருவரின் இசைத்தட்டு வரலாற்றைத் துணைக்கொண்டு இதனை ஆராய முற்படுகின்றோம். அவர் உஷா ஐயராகத் தொடங்கி உஷா உதுப்பாக அறியப்பட்டவர்.

அவர் பாடத் தொடங்கிய இசை எத்தகையது என்பதை முதலில் காண்போம். ஜாஸ் என்பது அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்கள் தம் துயரையும் களிப்பையும் கொட்டி வளர்த்த இசை. அதில் ‘ஸ்டாண்டர்டு’ என வழங்கும் பாட்டுகள் உண்டு. பலரும் பாடிப் பாடி எல்லார்க்கும் பொதுவாகிவிட்ட பாட்டுகள் அவை. ஒரே கீர்த்தனையை நம் வித்துவான்கள் தத்தம் சங்கதிகளோடு பாடுவது போல, ஒரே ஸ்டாண்டர்டை ஒவ்வொரு ஜாஸ் பாடகரும் தம் மனோதருமத்திற்கேற்ப மாற்றிப் பாடுவர். இதனோடு சேர்ந்து வந்தவை சாச்சாச்சா, டுவிஸ்டு முதலிய ஆடற்பாட்டுகள். இவ்வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தது ‘போசா நோவா’. பிரேசில் நாட்டின் சாம்பா தாளத்தின் ஆரவாரத்தை அடக்கி, கிடாரின் மெல்லிய ஒலியோடு, காதருகே பேசுவது போலப் பாடும் முறை அது. 1958ஆம் ஆண்டில் ஜொவாவ் ஜில்பெர்ட்டோ என்னும் பாடகரின் இசைத்தட்டால் அது பிரேசிலில் பரவிற்று.

அப்போசா நோவாவின் வரலாற்றிலேயே நம் ஆராய்ச்சிக்கு வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1963 மார்ச்சு மாதம் நியூயார்க்கு நகரில் ‘தி கேர்ள் ஃப்ரம் இபனேமா’ என்னும் பாட்டு பதிவாயிற்று. முதலில் ஜில்பெர்ட்டோ தம் தாய்மொழியாகிய போர்ச்சுகீசியத்தில் பாடினார். பின்னர் அவர் மனைவி அஸ்ட்ரூட் அதே மெட்டை ஆங்கிலத்தில் பாடினார். இருவர் குரலும், ஸ்டான் கெட்ஸ் என்பாரின் சாக்சபோனும் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டது பாட்டு. 1964இல் அதனைத் தனித்தட்டாக விற்க முற்பட்ட நிறுவனத்தார், வானொலிக்கு அந்நீளம் ஆகாது என்று கருதிப் பாட்டை வெட்டினர். வெட்டுண்டது எந்தப் பகுதி? தாய்மொழிப் பகுதி! ஆங்கிலப் பகுதி மட்டும் உலகெங்கும் ஒலித்தது. 1965இல் கிராமி விருதும் பெற்றது. வெட்டியவர்க்குப் பகை ஏதும் இல்லை. வாணிகம் ஒன்றே நோக்கம். ஆயினும் இழப்பு இழப்பே அன்றோ? இதனை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

மேலைத் தாளம் நம் நாட்டுக்கு வந்த வழிகள் இரண்டு. ஒன்று பாளையம், மற்றொன்று பெருவிடுதி. நாம் வாழும் கட்கி, 1817 நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வாவின் படையும் ஆங்கிலேயர் படையும் பொருத களம். அதன்பின் இங்குப் பாளையம் எழுந்தது. 1869இல் தோட்டாத் தொழிற்சாலை எழுந்தது. பிழைப்பு நாடி வந்த நம் முன்னோர் பலர் இப்பாளையத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பியே வேர்விட்டனர். பாளையம் அமைந்த இடமெல்லாம் பேண்டு வாத்தியமும் வந்தது இயல்பே. பம்பாயிலோ பெருவிடுதிகள் நடனக்குழுக்களைக் கடல்கடந்து வரவழைத்தன. 1935இல் லியோன் ஆபி என்னும் கறுப்பினக் கலைஞர் தம் குழுவோடு தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்து வாசித்தார். அவ்விசையை நம் நாட்டில் ஊன்றச் செய்தவர்கள், மாதா கோயில் பள்ளிகளில் மேனாட்டு இசைக்குறிகளைக் கற்றுத் தேர்ந்த கோவா மாநிலத்துக் கலைஞர்கள்.

இரவில் விடுதியில் வாசித்த அக்கலைஞர்களே பகலில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களிலும் வாசித்தனர். அவர்களுடைய திறனை நன்கு ஆண்ட இசையமைப்பாளருள் ஒருவர், மராத்தியராகிய சி. இராமச்சந்திரா. 1951இல் வெளிவந்த ‘அல்பேலா’வில் அவருக்குத் துணைநின்றவர் சிக் சாக்லேட் என்னும் கோவா ஜாஸ் கலைஞர். அதே இராமச்சந்திராதான் 1958இல் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ படத்தில் வைஜயந்திமாலாவும் பத்மினியும் ஆடிய போட்டி நடனத்துக்கு இசை அமைத்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மராத்திய நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இசை வழியே பாலம் கட்டிய பெருமகனார் அவர்.

இத்தகைய பம்பாயில், 1947 நவம்பரில், தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார் உஷா. தந்தையார் காவல்துறை அதிகாரி. வீட்டு வானொலியில் கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் மேனாட்டு இசையும் மாறி மாறி ஒலித்தன. ஆயின் பள்ளியில் இசை வகுப்பிலிருந்து அவர் விலக்கப்பட்டார். காரணம், பெண்பிள்ளைகளின் கூட்டுப்பாட்டுக்குப் பொருந்தாத கனத்த குரல். எனினும் அவரிடம் இசை உண்டென்பதை உணர்ந்த ஆசிரியர், தாளக்கருவியையேனும் வாசிக்கட்டும் என்று கையில் கொடுத்தார். முறையான இசைப்பயிற்சி அவர் பெற்றதில்லை. ஒன்பது வயதளவில், அமீன் சயானி என்னும் புகழ்பெற்ற அறிவிப்பாளர் வழியாக இலங்கை வானொலியின் நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்பு கிட்டியது. மென்மையும் உச்சத்தாயியுமே பெண்குரலின் இலக்கணம் எனக் கருதப்பட்ட காலம் அது. அக்காலத்தில் அடித்தொண்டைக் குரலோடு ஒரு பெண் பாட எழுந்தது துணிவே எனலாம்.

1968இல் அவர் ஆங்கிலப் பாட்டுகளை இசைத்தட்டில் பதிவு செய்தார். அவற்றுள் ‘ஜம்பலாயா’ என்பது ஹாங்க் வில்லியம்ஸ் 1952இல் பாடிப் புகழடைந்த ஆடற்பாட்டு. ஜம்பலாயா என்றால் என்ன? அமெரிக்க நாட்டு லூசியானா மாநிலத்தில் இறைச்சியும் மீனும் கலந்து சமைக்கும் ஒருவகைச் சோறு! ‘கிரீன்பேக் டாலர்’, ‘ஸ்காட்ச் அண்ட் சோடா’ என்பவை கிங்ஸ்டன் டிரையோ என்னும் குழுவினர் பாடியவை. சோற்றையும் காசையும் மதுவையும் பற்றிய அயல்நாட்டுப் பாட்டுகளைப் பம்பாய்த் தமிழ்ப்பெண் பாட, அத்தட்டுகள் நன்கு விற்றன.

1960களின் இறுதியில் சென்னை அண்ணாசாலையில், சஃபையர் திரையரங்க வளாகத்தில் இருந்த ‘நைன் ஜெம்ஸ்’ என்னும் இரவு விடுதியில் அவர் பாடினார். நவரத்தினம் எனப் பொருள்படும் பெயர். அங்கே அவர் உடுத்திச் சென்றது புடவை. இரவு விடுதிப் பாடகி என்றால் இவ்வுடைதான் என்றிருந்த வழக்கத்தை அவர் பொருட்படுத்தவில்லை. பட்டுப்புடவை, பெரிய பொட்டு, கூந்தலில் மலர் என்ற கோலமே பின்னாளில் அவருடைய அடையாளமாயிற்று. சென்னைக்குப் பின் பம்பாய், அதன்பின் கல்கத்தாவின் பார்க் வீதியில் ‘டிரிங்காஸ்’ என அவர் மேடைகள் விரிந்தன. 1970இல் ‘பாம்பே டாக்கி’ படத்தில் ஆங்கிலப் பாட்டுப் பாடித் திரையிசையில் புகுந்தார். கேரளத்தவர் ஒருவரை மணந்து உஷா உதுப் ஆனார். 2011இல் பத்மஸ்ரீயும் 2024இல் பத்மபூஷணும் அவரை வந்தடைந்தன.

இனி, நம் நெஞ்சைச் சற்றே உறுத்தும் செய்திக்கு வருகின்றோம். 1975இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில், குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் ‘மேல்நாட்டு மருமகள்’ என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. அதில் உஷா பாடிய பாட்டு ஆங்கிலப் பாட்டு! தமிழ்மகளைத் தமிழ்ப்படத்துக்கு அழைத்து ஆங்கிலம் பாடச் செய்தோம். அவர் குரல் தமிழ்த் திரைப்பாட்டில் குழந்தைகளும் அறிய ஒலித்தது 1990இல், மணிரத்தினத்தின் ‘அஞ்சலி’ படத்தில், இளையராசாவின் இசையில்தான். அவர் பத்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியவர். அவற்றோடு ஒப்பிடின் தமிழில் பாடியவை குறைவே. இது அவர் குறை என்று நாம் சொல்லமாட்டோம். பாடகர் பாட்டை ஆக்குவதில்லை. அழைப்பவரே பாட்டைத் தருகின்றனர். இபனேமாப் பாட்டில் வாணிகர் வெட்டியதைப் போல, நம்மவரும் அவர் குரலின் ஒரு பாதியைக் கேளாமல் விட்டுவிட்டனர் என்றே கருதவேண்டியுள்ளது.

இதற்கு மாறான வரலாறு பம்பாயிலேயே உண்டு. லோர்னா கோர்தேரு என்பவர் கோவா மரபினர். 1946இல் பம்பாயில் பிறந்தவர். சர்ச்கேட்டில் ‘வெனிஸ்’ என்னும் விடுதியில், கிறிஸ் பெரி என்னும் எக்காள வித்துவானின் குழுவோடு ஜாஸ் பாட்டுகளைப் பாடிப் பெயர்பெற்றார். அக்கிறிஸ் பெரி செய்த அருஞ்செயல் என்னவெனில், ஜாஸ், சாச்சாச்சா முதலிய தாளங்களில் தம் தாய்மொழியாகிய கொங்கணியில் பாட்டுகள் எழுதி லோர்னாவைப் பாடச் செய்ததே. குடிகாரன் எனப் பொருள்படும் ‘பெப்தோ’ என்னும் பாட்டு 1971இல் இசைத்தட்டாக வந்தது. பின்னர் லோர்னா மேடையை விட்டு விலகி நெடுங்காலம் வாய்மூடி இருந்தார். 1995இல் மீண்டும் அவர் மேடையேறியபோது கொங்கணி மக்கள் திரண்டு வந்து கேட்டனர். அவர் விடுதியில் பாடிய ஆங்கிலப் பாட்டுகளுக்காகவா திரண்டனர்? தம் மொழிப் பாட்டுகளுக்காகவே திரண்டனர். 2014இல் அப்பாட்டுகளை வைத்தே ‘நாச்சோம்-இயா கும்பசார்’ என்னும் கொங்கணித் திரைப்படமும் உருவாயிற்று.

தமிழிலும் இச்செயலை ஒருவர் செய்தார். அவர் எல். ஆர். ஈசுவரி. லூர்து மேரி இராசேசுவரி என்பது இயற்பெயர். 1961இல் ‘பாசமலர்’ படத்தால் புகழ்பெற்ற அவர், 1964இல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் விசுவநாதன் இராமமூர்த்தி இசையில் டி. எம். சௌந்தரராசனோடு பாடிய பாட்டில் இலத்தீன் அமெரிக்கத் தாளம் துள்ளுவதைக் கேட்கலாம். விடுதிப்பாட்டு என ஒதுக்கத்தக்க மெட்டுகளையும் அவர் தமிழ்ச்சொல்லின் அழுத்தம் குன்றாமல் பாடினார். அக்குரலே மாரியம்மன் பாட்டுகளையும் பாடிற்று. ஆடி மாதத்தில், தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் ஒலிபெருக்கியில் நாம் கேட்பது அக்குரலையே. கிறித்துவக் குடும்பத்தில் பிறந்து, மேலைத் தாளத்தில் திரைக்குப் பாடி, அம்மன் கோயில் வாயிலிலும் நிலைத்த குரல் அது. வந்த தாளம் வேற்று நாட்டது. நிலைபெற்றது தாய்மொழியின் வலிமையால்.

உஷாவின் வாழ்வில் மற்றொரு பாடமும் உண்டு. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர், அவருடைய பாட்டு பண்பாட்டுச் சீரழிவு எனக் கூறி அரசு அரங்குகளில் இடம் மறுத்தார். உஷா நீதிமன்றம் சென்று வென்றார். ஆயின் கல்கத்தா மக்களின் உள்ளத்தை வென்றது தீர்ப்பினால் மட்டுமன்று. வங்கமொழியில் அவர் பாடிய பாட்டுகளாலும் ஆகும். தாம் வாழ வந்த ஊரின் மொழியை நாவில் ஏற்றியவரை அவ்வூர் தன் மகளாக ஏற்றுக்கொண்டது.

இம்மூவர் வரலாறும் நமக்கு உணர்த்துவது யாது? புலம்பெயர்ந்தவன் இரு மொழிகளுக்குக் கடன்பட்டவன். பெற்ற மொழிக்கு ஒரு கடன். உண்ட மண்ணின் மொழிக்கு ஒரு கடன். நம் பிள்ளைகள் தெருவில் மராத்தி பேசுகின்றனர். பள்ளியில் ஆங்கிலம் எழுதுகின்றனர். இந்திப் பாட்டை முணுமுணுக்கின்றனர். வீட்டிலோ நாம் தமிழில் கேட்க, அவர்கள் வேற்றுமொழியில் விடை இறுக்கின்றனர். கிடாரையும் டிரம்மையும் கண்டு நம்மில் சிலர் அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டியது அதற்கன்று. எந்தத் தாளமும் வரட்டும். அத்தாளத்துக்குத் தமிழ்ச்சொல் தர நம்மிடம் ஆள் இருக்கின்றதா என்பதே வினா. கிறிஸ் பெரி கொங்கணிக்குச் செய்ததைத் தமிழுக்குச் செய்ய ஒரு பிள்ளையேனும் நம் கட்கியிலிருந்து எழவேண்டும்.

அதற்குச் சங்கம் செய்யத்தக்க சிறுபணிகள் உள்ளன. ஆண்டுவிழாவில் ஆயத்தத் திரைப்பாட்டுக்கு ஆடவிடுவதோடு நில்லாமல், பிள்ளைகள் தாமே எழுதி இசை அமைத்த ஒரு தமிழ்ப்பாட்டுக்கும் இடம் தரலாம். அதனருகே ஒரு மராத்திப் பாட்டையும் வைக்கலாம். நம் இல்லங்களில் பரண்மேல் கிடக்கும் பழைய இசைத்தட்டுகளைத் தொகுத்து, இவை யார் பாடியவை, எத்தாளம், எம்மொழி என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். பள்ளியில் பாட்டு வகுப்புக்கு ஆகாதென விலக்கப்பட்ட குரல் நாட்டின் உயர்விருது பெற்றதைக் கண்டோம். நம் வீட்டுக் குரல் கரகரத்தாலும், தமிழ் உச்சரிப்புச் சற்றே தடுமாறினாலும், பாடவிடுவோம். அவர்கள் பாட்டின் தமிழ்ப்பாதி நம் காலத்தில் வெட்டுண்டு போகாதிருக்கட்டும்.