துபாஷி திம்மண்ணா

இரு மொழி அறிந்தவனை வடமொழியில் த்விபாஷி என்பர். அச்சொல்லே மருவித் துபாஷி ஆயிற்று. கொஸ்லந்தை, அப்புத்தளை முதலிய ஊவாத் தோட்டங்களில் வாழும் நேயர்களுக்கு இத்தகைய மனிதர் புதியவரல்லர். துரையின் சொல்லைத் தொழிலாளிக்கும், தொழிலாளியின் குறையைத் துரைக்கும் எடுத்துரைத்த பெரிய கங்காணிமாரை அவர்தம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நடுவில் நின்றவரின் நாவைப் பொறுத்தே பலருடைய வாழ்வும் தாழ்வும் அமைந்தன. அங்ஙனம் நடுவில் நின்ற ஒருவர், ஒரு மாநகரம் தோன்றுவதற்கே துணைநின்றார். அவர் பேரி திம்மண்ணா. திம்மப்பா என்றும் அவரை வழங்குவதுண்டு. அந்நகரம் சென்னை.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியார் முன்னர் ஆர்மகாமில் பண்டகசாலை வைத்திருந்தனர். வாணிபம் அங்கே செழிக்கவில்லை. ஆதலின் பிரான்சிஸ் டே என்பவர் தெற்கே இடந்தேடி வந்தார். கூவம் ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு வடக்கே, ஒருபுறம் கடலும் மறுபுறம் எழும்பூர் ஆறும் சூழ்ந்த மணற்பரப்பு அவர் கண்ணிற் பட்டது. துறைமுகம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. கப்பல்கள் அலைகளுக்கு அப்பால் நிற்கவேண்டும். ஆயினும் துணி, நூற்றுக்கு 20 பங்கு மலிவாகக் கிடைத்தது. வணிகனுக்கு வேறென்ன வேண்டும்?

அப்பகுதியை விஜயநகர மன்னரின் கீழ் ஆண்டவர் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர். டேயின் கருத்தை அவருக்கும், அவருடைய நிபந்தனைகளை டேக்கும் எடுத்துச் சொன்னவர் திம்மண்ணா என்பர். 1639 ஆகஸ்டு 22ஆம் நாள் சாசனம் கிடைத்தது. நாயக்கர் தம் தந்தை சென்னப்பரின் பெயரைப் புதிய ஊர் தாங்கவேண்டுமென விரும்பினார். சென்னப்பட்டணம் என்ற பெயர் அவ்வாறு வந்தது.

ஆனால் ஒரு சிக்கல். கோட்டையை நாயக்கரே தம் செலவில் எழுப்பித் தருவார் என்று நம்பிக்கொண்டு ஆண்ட்ரூ கோகனும் டேயும் 1640 பெப்ரவரியில் வந்து இறங்கினர். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. செலவு கும்பெனியின் தலையில் விழுந்தது. இலண்டன் மேலதிகாரிகள் சினந்தனர். நாயக்கர் சொன்னது ஒன்றும் ஆங்கிலேயர் கேட்டது வேறொன்றுமாய் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும், அன்று பேசிய பேச்சு முழுவதையும் இரு மொழியிலும் அறிந்திருக்கக் கூடியவர் துபாஷி ஒருவரே. அவர் தரப்பு வாக்குமூலம் ஏட்டில் இல்லை. டேயும் கோகனும் எழுதியவை மட்டுமே நமக்கு எஞ்சின.

கோட்டைக்கு வடக்கே நெசவாளரும் சாயமிடுவோரும் வணிகரும் குடியேறினர். அவர்களைக் கொண்டுவந்து குடியேற்றியதில் திம்மண்ணாவுக்குப் பெரும் பங்குண்டு. கும்பெனியின் தலைமை வணிகராகவும் அவர் உயர்ந்தார். அவ்வூரின் நடுவே சென்னக்கேசவப் பெருமாள் கோயில் எழுந்தது; அக்கோயில் பற்றிய 1648ஆம் ஆண்டுச் சாசனம் அவர் பெயரைத் தாங்கியது.

பின்னர்ப் பிரெஞ்சுக்காரருடன் போர் மூண்டது. கோட்டைச் சுற்றுப்புறத்தை வெளியாக்க வேண்டி 1757இல் ஆங்கிலேயர் அக்கோயிலை இடித்தனர். அவ்விடத்தில் இன்று உயர்நீதிமன்றம் நிற்கிறது. கோயிலோ தேவராச முதலித் தெருவில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் மீண்டும் எழுந்தது. திம்மண்ணா வாழ்ந்த பழைய ஊர் தரைமட்டமான பின்னரும், அத்தெருவில் இன்றும் அங்கே பூசை நடந்துவருகிறது.