நோயாளி அறையின் காற்று

திருக்கழுக்குன்றத்துப் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் இன்றும் தூபக்கால் எடுப்பதுண்டு. குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டியதும் தணலில் சாம்பிராணியைத் தூவி, தலையைப் புகையில் காட்டுவார்கள். கிருமியை நினைத்து வந்த வழக்கம் அல்ல. ஆனாலும் லக்னோ தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது: ஹோமத்துக்கான மரத்துண்டும் மூலிகையும் ஒரு மணி நேரம் புகைந்த அறைக்காற்றில் பாக்டீரியா 94 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அது ஹோமப் புகை, சாம்பிராணி அல்ல. நெஞ்சு நோய்க்காரரை அதற்குள் உட்காரவைக்கவும் முடியாது.

ஆஸ்பத்திரிகள் கையாண்ட ஃபார்மலினுக்கும் இதே சிக்கல்தான். ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்து, பெர்மாங்கனேட் மேல் ஃபார்மலினை ஊற்றிவிட்டு ஆள் வெளியே ஓடி வந்துவிட வேண்டும்; கண்ணைப் பிடுங்கும் நெடி. ஆபரேஷன் தியேட்டருக்குச் சரி. மாதக்கணக்கில் படுத்திருக்கும் காசநோயாளியின் அறைக்கு?

அதற்கு விடை திருக்கழுக்குன்றம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில் தேடப்பட்டது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் திறந்தவெளிக் காற்றையே மருந்தாகக் கொண்ட சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜனும் அங்கே சில காலம் சிகிச்சை பெற்றார். சௌரிமுத்து 1928இல் தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில், 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937இல் அது அரசு வசமானது. மின்சார ரயிலில் அந்தப் பெயரில் ஒரு நிறுத்தமே இருக்கிறது. இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அதை யோசிக்கிறார்களோ!

காற்றோட்டம் கிருமியைக் கொல்லாது. நீர்க்கச் செய்து வெளியே தள்ளும், அவ்வளவே. கொன்று காட்டியது புற ஊதா விளக்கு. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி, காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார். பல விலங்குகளுக்கு நோய் தொற்றியது. புற ஊதா ஒளி பட்ட காற்றைச் சுவாசித்தவை தப்பின. வேறொன்றும் தெரிந்தது: மருந்து சாப்பிடத் தொடங்கிய நோயாளிகளிடமிருந்து தொற்று மிக அரிதாகவே பரவியது.

அதே ஆண்டுகளில் சென்னை சேத்துப்பட்டில் இன்னும் துணிச்சலான சோதனை நடந்தது. 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், 193 நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்துக்கும் மறுபாதியை வீட்டுக்கும் அனுப்பி, இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகளைக் கொடுத்தது. வீடு என்றால் நெருக்கடியான குடிசை, அரைகுறைச் சாப்பாடு. 1959இல் வந்த முடிவில் குணமானோர் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்தாண்டுகள் கண்காணித்தபோதும், வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை.

சானடோரியங்களின் காலம் அத்தோடு சரியத் தொடங்கியது. ஜன்னல் மட்டும் பணி ஓய்வு பெறவில்லை. நோய் இன்னும் கண்டுபிடிக்கப்படாதவரும், மருந்துக்கு மசியாத கிருமியைச் சுமப்பவரும் வெளிநோயாளி வரிசையில் இருமிக்கொண்டுதான் நிற்கிறார்கள். தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்தும் அறையில் மணிக்கு 12 முறை காற்று மாற வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. நம் ஊரில் பொழுது சாய்ந்தால் கொசுவுக்குப் பயந்து கதவைச் சாத்திவிடுவார்கள். வலை அடிக்காத ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.