விளக்கு நடுங்கினால்

விழுப்புரத்தில் ரயில் ஏறினால் திண்டிவனம் சுமார் 37 கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்து மேப்பைத் திறப்பேன். விக்கிரவாண்டி, மயிலம் என்று நீலப் புள்ளியும் கூடவே வரும்.

செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு நானோசெகண்ட் பிசகினால் 30 சென்டிமீட்டர் போச்சு. ஒரு மைக்ரோசெகண்ட் என்றால் 300 மீட்டர். ரயில்ல இருக்கிற நம்மள வயக்காட்டுல இறக்கி விட்டுடும். அதனால்தான் மேலே அணுக்கடிகாரம் வைக்கிறார்கள். பெரும்பாலும் ரூபிடியம்.

அதன் உயிர் ஒரு சின்ன விளக்கு. கண்ணாடிக் குமிழுக்குள் துளி ரூபிடியம், கொஞ்சம் மந்த வாயு. சுற்றியிருக்கும் கம்பிச்சுருளின் ரேடியோ அலையில் அது எரியும். அந்த ஒளி, ரூபிடியம் ஆவி நிறைந்த இன்னொரு குமிழில் விழுந்து அணுக்களை ஒரே நிலைக்குத் தள்ளும். நொடிக்கு 683 கோடியே 46 லட்சத்து 82 ஆயிரத்துச் சொச்சம் அதிர்வுள்ள மைக்ரோ அலை வந்தால் அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பி, ஒளியை மறுபடி விழுங்கும். எதிரே விழும் வெளிச்சம் லேசாக மங்கும். அந்த மங்கல்தான் கடிகாரத்துக்கு அடையாளம். ஒளியால் அணுக்களைத் தள்ளும் இந்த வித்தைக்காக ஆல்ஃப்ரெட் காஸ்லருக்கு 1966இல் நோபல் கிடைத்தது.

சிக்கலும் அங்கேயேதான். அணுவைப் பார்க்க உதவும் ஒளியே அணுவின் ஆற்றல் நிலைகளை நகர்த்திவிடுகிறது. காஸ்லரின் பாரிஸ் கூடத்தில் கோஹன்-தனுஜி 1960களின் தொடக்கத்தில் இதைக் காட்டினார். விளக்கு கொஞ்சம் பிரகாசமானால் கடிகாரத்தின் நடை மாறும். அளக்கிற கையே அளவையும் அசைக்குது! ஆகவே விளக்கை 100 டிகிரிக்கு மேல், சூடு ஏறி இறங்காமல் அடுப்பிலேயே வைக்கிறார்கள். நடுவில் ரூபிடியம்-85 வடிகட்டி. அதன் வெப்பத்தையும் பார்த்துப் பார்த்து அமைத்தால், நகர்வு கிட்டத்தட்ட அடங்கும்.

2013 ஜூலையில் இஸ்ரோ அனுப்பிய ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏவில் இருந்த மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் வெளிநாட்டில் வாங்கியவை. 2016இல் ஒன்று பழுதானது, பிறகு மற்ற இரண்டும். கோள் அங்கேயே சுற்றுது, ஆனா இடம் சொல்ல முடியாது. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய என்.வி.எஸ்-01இல்தான் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த கடிகாரம் முதலில் மேலே போனது. ராக்கெட் ஏறுவதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். எனக்கென்னவோ அந்தச் சின்ன விளக்கின் மேல்தான் பிரியம்.

திண்டிவனம் வந்துடுச்சு. புள்ளி பிளாட்பாரத்தைத் தாண்டி ஒரு 10 மீட்டர் தள்ளி நிற்கிறது. நேரக்கணக்கில் 33 நானோசெகண்ட். கடிகாரத்தை மட்டும் திட்ட வேண்டாம், வழியில் காற்றுமண்டலமும் சிக்னலைத் தாமதப்படுத்தும்.