ஒரு பக்கம் சுற்றணும், மறுபக்கம் நிற்கணும்

ஆட்டோமேட்டிக் காரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் டார்க் கன்வெர்ட்டர், காருக்காகப் பிறந்ததல்ல, கப்பலுக்காகப் பிறந்தது.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்களுக்கு நீராவி டர்பைன் வந்தது. அது வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக வேலை செய்யும். கப்பலைத் தள்ளும் புரொப்பல்லரோ நிதானமாகச் சுற்ற வேண்டும். நடுவில் பல்சக்கரம் போடலாமென்றால், அவ்வளவு சக்தியைத் தாங்கும் பற்களைச் செய்வது அன்று பெரும்பாடு. அன்றைய ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில், வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் பல்லையே ஒதுக்கிவிட்டார். என்ஜின் ஒரு பம்பைச் சுற்றட்டும். பம்ப் தள்ளும் தண்ணீர் இன்னொரு டர்பைனைச் சுற்றட்டும். இரண்டையும் குழாயால் இணைத்தால் சக்தி வீணாகும் என்பதால், ஒரே கூட்டுக்குள் நெருக்கி வைத்தார். 1905-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அந்தக் கூட்டுக்குள் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது: அசையாத வழிகாட்டிச் சக்கரம். இன்று நாம் ஸ்டேட்டர் என்பது இதைத்தான். டர்பைனில் மோதித் திரும்பும் நீரை வளைத்து, பம்புக்குச் சாதகமான திசையில் அனுப்புவது அதன் வேலை. முறுக்குவிசை பெருகுவது இதனால்தான். ஆனால் டர்பைனின் வேகம் கூடக்கூட, நீர் ஸ்டேட்டர் இதழ்களின் முதுகில் மோதத் தொடங்கும். அதுவரை உதவியதே பிறகு முட்டுக்கட்டையாகிவிடும்.

கப்பல் பெரும்பாலும் ஒரே வேகத்தில் போகும், அதனால் சமாளித்தது. சாலையில் ஓடும் வண்டிக்கு அது சரிப்படாது. 1920-களின் கடைசியில் ஜெர்மனியின் டிரிலோக் குழுவினர் ஸ்டேட்டரை ஒன்வே கிளட்ச் மீது உட்கார வைத்தார்கள். முட்டுக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அது நிற்கும். தடையாகும் நேரத்தில் ஓட்டத்தோடு சேர்ந்து சுற்றும். 1948-ல் ப்யூக்கின் டைனாஃப்ளோ கியர்பாக்ஸ் வந்தபோது, டார்க் கன்வெர்ட்டர் அமெரிக்கக் குடும்பக் கார்களுக்குள் நுழைந்தது.

இன்று கியர்பாக்ஸை இறக்கிய மெக்கானிக், கன்வெர்ட்டரின் கழுத்துக்குள் விரலையோ அதற்கான டூலையோ விட்டு ஸ்டேட்டரின் உள்வளையத்தைத் திருப்பிப் பார்ப்பது இந்த ஒன்வே கிளட்சைத்தான். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு சுற்றணும். மறுபக்கம் கப்பென்று பிடிக்கணும். இரண்டு பக்கமும் சுற்றினால் முறுக்குவிசை பெருகாது. சிக்னலில் நின்ற வண்டி கிளம்பத் திணறும், வேகம் எடுத்தபின் ஒழுங்காக ஓடும். இரண்டு பக்கமும் இறுகிக் கிடந்தால் கதை தலைகீழ்: கிளம்புவதில் குறையிருக்காது, ஆனால் நெடுஞ்சாலையில் வேகம் ஏறாது, இன்று தண்ணீருக்குப் பதிலாக உள்ளே ஓடும் ஆயில் கொதிக்கும். ஸ்டேட்டர் இறுகிய கன்வெர்ட்டர் என்பது கிட்டத்தட்ட ஃபோட்டிங்கரின் பழைய கப்பல் இயந்திரமேதான்.

கூடவே, ஆயில் சீல் உட்காரும் கழுத்தில் கீறலோ, சூட்டில் நீலம் பாய்ந்த தடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வடித்த ஆயிலில் இரும்புத்தூள் மின்னினால் கன்வெர்ட்டரை மாற்றுவதோடு நிறுத்தக்கூடாது. ஆயில் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவியாக வேண்டும். இல்லையென்றால் அங்கே தங்கிய தூள் புதுக் கன்வெர்ட்டரையும் தின்றுவிடும்.