தீண்டாமை: மனக்குறையா, சமூக அமைப்பா?

இனவெறியென்பது தனியொருவர் நெஞ்சிலுறையும் காழ்ப்பா, அன்றி அதிகாரம் தாங்கி நிற்கும் அமைப்பா என அறிஞர் வாதிடுவர். இனமும் சாதியும் ஒன்றல்லவெனினும், பிறப்பால் மாந்தரைத் தாழ்த்துதல் இரண்டிற்கும் பொதுவாதலின், யாழ்ப்பாணத்துத் தீண்டாமையையும் இவ்வினாவால் அளக்கலாம்.

ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விதி வகுத்தது. 1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் நிலமும் கிணறும் கோயிலும் பெரும்பாலும் உயர்சாதியார் வசமே நின்றன. கிணற்றடியிற் காத்து நின்றார்க்கு ஒருவர் அன்போடு நீர் வார்த்திருக்கலாம். துலாக்கொடி மட்டும் அவர் கைக்கு வந்திலது.

மனமாற்றம் பயனற்றதன்று. 1956இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஒடுக்கப்பட்டோர்க்குத் திறந்தது. 1957இல் சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று. எனினும் 1968இல் மாவிட்டபுரத்தில் வழிபட வந்தோர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். சட்டம் தனியொருவர் செயலைத் தண்டித்ததேயன்றி, அச்செயலுக்கு வலுவூட்டிய உடைமையையும் உரிமையையும் தீண்டவில்லை.

காழ்ப்பு அமைப்பிற்கு உயிர்; அமைப்பு காழ்ப்பிற்கு உடல். எனினும் வரலாறு முதற்கண் கேட்கவேண்டிய வினா, கதவைத் திறந்தவர் நல்லவரா என்பதன்று. திறவுகோல் ஏன் ஒருசாரார் கையிலேயே இருந்தது என்பதாம்.